குமாஸ்தா விட்ட ‘எ’

வேலப்பன்சாவடி வீரராகவன் பூந்தமல்லியில் வக்கீல் ஜானகிராமனிடம் குமாஸ்தாவாக இருந்தார். முப்பத்தைந்து வயது. கறுப்பு அல்பாகா கோட்டு ஒன்று, இங்கிலீஷ் அகராதி ஒன்று, இரண்டும் அவருடைய சொத்து. கோட்டைக்கூட வண்ணானுக்குப் போடுவார். அகராதியை யாரும் தொட முடியாது. வக்கீல் எழுதும் நோட்டீசுகளைப் பிரதி எடுத்து எடுத்து, பெரிய பெரிய சட்ட வார்த்தைகள் அவர் நாக்கில் குடியேறியிருந்தன. ஒருநாள் மனைவி வரலட்சுமி குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நாட்வித்ஸ்டாண்டிங்!” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம். பூந்தமல்லி ரோட்டில் மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது; ஆனால் வேலப்பன்சாவடியில் தபால் பெட்டி கிடையாது. ஒரு கார்டு போட வேண்டுமானால் மூன்று மைல் பூந்தமல்லிக்குப் போக வேண்டும். வீரராகவன்தான் தினமும் போகிறவராயிற்றே என்று ஊரில் எல்லோரும் அவரிடமே கடிதங்களைக் கொடுத்துவிடுவார்கள். அவர் வாங்கிக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொள்வார். கோர்ட்டு வாசலில் வக்கீலின் கட்சிக்காரர்களைப் பார்த்ததும் கோட்டுக்கு உள்பை இருப்பதையே மறந்துபோவார்.

மணியக்காரர் சம்பத் நாயக்கர் தம் மகனுக்குப் பெண் பார்க்கக் காஞ்சிபுரத்துக்கு எழுதிய கடிதம் அப்படித்தான் பதினோரு நாள் கோட்டிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று எழுதியிருந்தார், வெள்ளிக்கிழமை போனார், தாம்பாளமும் பழமுமாகப் பத்துப் பேர் பூட்டிய வீட்டின் முன்னால் நின்றார்கள். பெண் வீட்டார் எல்லோரும் திருத்தணிக்குப் போயிருந்தார்கள்.

திரும்பி வந்த நாயக்கர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே வீரராகவன் வீட்டுக்குத்தான் போனார்.

“இன்னாப்பா வீரராகவா, உன் கோட்டு இன்னா தபால் ஆபீசா? லெட்டர் உள்ள போவுது, வெளிய வரமாட்டேங்குது! நீதான் இங்கிலீசு படிச்சவனாச்சே, கவர்மெண்டுக்கு எழுதி நம்ம ஊருக்கு ஒரு பொட்டி வாங்கிக் குடுத்துடு. இல்லாங்காட்டி உன் கோட்ட நான் கொளுத்திடுவேன்.”

வீரராகவன் மனு எழுதினார். நான்கு நாள் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலையில், பஸ் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில், ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை உரக்கப் படித்தார். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. நாயக்கர் கச்சேரி கேட்பதுபோலத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஃபியூ பர்சன்ஸ் இன் அவர் வில்லேஜ் ரைட் லெட்டர்ஸ் டெய்லி...” என்று வீரராகவன் இழுத்தபோது, மரத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றிருந்த பொன்னியம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

பொன்னியம்மா ரோட்டுக்குத் தெற்கே சேரியில் இருப்பவள். ஐம்பது வயதிருக்கும். எழும்பூரில் ஒரு துரை வீட்டில் பதினாறு வருஷம் ஆயாவாக இருந்தவள். துரை குடும்பம் சீமைக்குக் கப்பல் ஏறியபிறகு ஊருக்குத் திரும்பி, கோழி வளர்த்து முட்டை விற்றுக்கொண்டிருந்தாள். மகள் அங்கம்மாவைக் கோலார் தங்கவயலில் கட்டிக் கொடுத்திருந்தது. பாதிரி பள்ளிக்கூட வாத்தியார் எழுதித் தரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாதம் இரண்டு தரம் பூந்தமல்லிக்குப் போய், தன் கையாலேயே பெட்டியில் போட்டுவிட்டு வருவாள். வீரராகவன் கோட்டின்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

“இன்னா சிரிப்பு?” என்றார் வீரராகவன்.

“ஒண்ணுமில்ல நைனா. பொட்டி வேணும்னு எழுதறதா சொன்னாங்க. நீ இன்னாடான்னா, எங்க ஊர்ல லெட்டர் போடறதுக்கு ஆளே இல்லைன்னு எழுதிகினு கீறியே!”

கூட்டம் சிரித்தது. அவள் சொன்னதற்காகச் சிரித்தார்களா, அவள் சொல்ல வந்தாளே என்று சிரித்தார்களா தெரியவில்லை. வீரராகவனுக்குக் காது சூடாகிவிட்டது.

“ஃபியூன்னா சிலர். அகராதியில போட்டிருக்கு. தினமும் சிலர் லெட்டர் எழுதறாங்கன்னு எழுதியிருக்கேன். உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“எனக்கு எங்க தெரியும்? காதுல உழுந்தத சொன்னேன். ஃபியூன்னு மொட்டையா சொன்னா இல்லைன்னு அர்த்தம். எ ஃபியூன்னு சொல்லணும். அப்பத்தான் கீதுன்னு அர்த்தம்.”

வீரராகவன் இதைக் கேட்டுச் சிரித்தார். ‘எ’ என்றால் ஒன்று. ஃபியூ என்றால் சிலர். ஒருவர் எப்படிச் சிலர் ஆக முடியும்? அப்படி எழுதினால் வெள்ளைக்காரன் நம்மைப் பைத்தியக்காரன் என்றல்லவா நினைப்பான்? இதையெல்லாம் அவர் விரலை மடக்கி மடக்கிக் கூட்டத்துக்கு விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பொன்னியம்மாவும் தலையாட்டினாள். பிறகு, “ஒரு நாலு பேரு வந்தாங்கன்னு நாம சொல்றமே நைனா, அதுல வந்தது ஒருத்தரா, நாலு பேரா?” என்று கேட்டாள்.

இப்போது கூட்டம் எதற்குச் சிரித்தது என்பதில் சந்தேகம் இல்லை. நல்ல வேளையாக பஸ் வந்தது. பொன்னியம்மா ஏறிப் போய்விட்டாள். வீரராகவன் ‘எ’ இல்லாமலே மனுவில் கையெழுத்து வாங்கி, மறுநாள் பூந்தமல்லியில் தபாலில் சேர்த்தார். அதை மட்டும் மறக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் அதை வக்கீல் ஆபீசிலேயே கொடுத்துவிட்டுப் போனார். தடித்த உறை, மேலே முத்திரை. வீரராகவன் கோட்டின் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு அதைப் பிரித்தார். நான்கே வரி. மேற்படி கிராமத்தில் கடிதம் எழுதுவோர் அநேகமாக இல்லை என்று மனுதாரர்களே ஒப்புக்கொண்டிருப்பதால், தபால் பெட்டி வைக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

ஒப்புக்கொண்டிருப்பதால்! அந்தச் சொல் அவரைச் சுட்டது. திருடன் ஒப்புக்கொள்வான், பொய்ச்சாட்சி சொன்னவன் ஒப்புக்கொள்வான். அவர் எதை ஒப்புக்கொண்டார்? மனுவின் பிரதியை எடுத்துப் பதிலோடு சேர்த்து வக்கீல் முன்னால் வைத்தார்.

வக்கீல் ஜானகிராமன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். பிறகு நாற்காலி கிறீச்சிடச் சிரித்தார்.

“டேய் வீரராகவா, எதிர்க்கட்சிக்கு வேலையே வைக்காம நீயே வாக்குமூலம் குடுத்துட்டியேடா! எங்க ஊர்ல லெட்டர் எழுதறவா யாரும் இல்லைன்னு எழுதி, கீழே இருபத்தாறு கையெழுத்து வேற! இங்க ஒரு ‘எ’ வேணாமோ?”

“எ போட்டா ஒண்ணுன்னு ஆயிடாதா சார்?”

“போடாததுனாலதான் ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடுத்து. கொண்டா, புதுசா நான் எழுதித் தரேன்.”

“வேண்டாம் சார். நானே எழுதறேன்” என்றார் வீரராகவன். வக்கீல் சிரித்தது பெரிதாகப்படவில்லை, அவர் படித்தவர். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத ஒருத்தி, மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, காதில் விழுந்த மாத்திரத்தில் பிடித்துவிட்டாளே, அது எப்படி? அதுதான் அவரைக் குடைந்தது. அன்றைக்கு எழுதிய இரண்டு நோட்டீசிலும் மை கொட்டினார்.

நாயக்கரிடம் மூன்று நாள், “பரிசீலனையில் இருக்கு மாமா” என்று சொல்லி ஒப்பேற்றினார். நான்காவது நாள், பஸ்ஸை விட்டு இறங்கியவர் வடக்கே வீட்டுக்குத் திரும்பாமல், ரோட்டைத் தாண்டித் தெற்கே நடந்தார். அந்தப் பக்கம் அவர் போவது அதுதான் முதல் தடவை. வழியில் கிழவர் ஒருவர், யார் மேலாவது வாரண்டோ என்று பயந்து எழுந்து நின்றார்.

பொன்னியம்மா ஒரு வெள்ளைக் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். வீரராகவனைப் பார்த்ததும், “நைனா, அங்கியே நில்லு! அந்தாண்ட உடாத!” என்று கத்தினாள். அவர் கையிரண்டையும் அகட்டிக்கொண்டு நின்றார். கோழி அவருடைய கோட்டைப் பார்த்து மிரண்டு திரும்ப, அவள் அமுக்கிக் கூடையில் கவிழ்த்தாள்.

“இன்னா நைனா இம்மாந்தூரம்?”

“சும்மாத்தான். இந்தப் பக்கமா வந்தேன். முட்டை என்ன விலை?”

“உங்க ஊட்ல முட்டையே துண்ண மாட்டாங்களே.”

வீரராகவன் வேட்டி நுனியைப் பார்த்தார். கோழி கூடைக்குள்ளிருந்து அவரைத் திட்டியது. கடைசியில் பதில் கடிதத்தை எடுத்து நீட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, தாமே படித்துக் காட்டினார். பொன்னியம்மா சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார். பிறகு, “உங்களுக்கு” என்று திருத்திக்கொண்டார்.

“திட்டு வாங்கித்தான். வேலைக்குப் போன புதுசு. துரைசாணி ஜாடியத் தொறந்து பாத்துட்டு, ‘ஆயா, தேர் ஆர் ஃபியூ பிஸ்கட்ஸ்’ன்னாங்க. பிஸ்கட்டு கீதுங்கறாங்கன்னு நானும் தலய ஆட்டிகினு போய்ட்டேன். சாயங்காலம் ஆறு துரைங்க டீ குடிக்க வந்தா, ஜாடில ரெண்டே ரெண்டு! துரைசாணி மூஞ்சி கோவப்பழமா செவந்துபோச்சு. நானும் உஷாராய்ட்டேன். அடுத்த வாரம், ‘தேர் ஆர் எ ஃபியூ பிஸ்கட்ஸ்’ன்னாங்க. ஒரே ஓட்டமா கடைக்குப் போயி டப்பா நெறைய வாங்கியாந்துட்டேன். ‘கீதுன்னுதானே சொன்னேன், எவ வாங்கியாரச் சொன்னா’ன்னு அதுக்கும் திட்டு. ரெண்டு திட்டு வாங்கினதும் காது தானா புடிச்சிகிச்சு. பால் கூட அப்படித்தான். லிட்டில் மில்க்குன்னா ஓடணும். எ லிட்டில் மில்க்குன்னா குந்தலாம்.”

வீரராகவன் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தப் பதிலின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டார். இருபது வருஷமாக அகராதி அவர் வீட்டில் இருக்கிறது. ஓடுவதா உட்காருவதா என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

“அப்ப புது மனுவுல எ ஃபியூன்னு போட்டுடறேன்.”

“போடலாம். ஆனா நம்ம ஊர்ல எ ஃபியூ பேரா கீறாங்க? கோலாருக்கு எழுதறவங்க எத்தினி, ரங்கூனுக்கு எழுதறவங்க எத்தினி! சேரில மட்டுமே இருவது ஊடு. குவைட் எ ஃபியூன்னு போடு நைனா.”

வீரராகவன் பென்சிலை நிறுத்தினார். குவைட் என்றால் முழுக்க, முற்றும் என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். சிலர் என்பதோடு முழுக்க என்று சேர்த்தால் இன்னும் குறையத்தானே வேண்டும்?

“கொறையாது. ரொம்பப் பேருன்னு அர்த்தம்.”

“அது எப்படி?”

“எப்படின்னு எனக்குத் தெரியாது. துரை ஊட்ல கிறிஸ்மஸ் விருந்துக்கு அறுவது பேரு வந்தாங்க. தட்டு கழுவி என் கையே மரத்துப்போச்சு. மறுநாளு துரை, ‘குவைட் எ ஃபியூ கேம், ஆயா’ன்னு சிரிச்சாரு. அறுவது பேரு நைனா! நான் எண்ணிக் கழுவின தட்டு!”

அன்று மாலையும் மறுநாள் காலையும் வீரராகவன் இதே யோசனையாக இருந்தார். ஒரு தாளில் ‘எ ஃபியூ’ என்று எழுதினார், அது பத்திரம். இன்னொரு தாளில் ‘குவைட் எ ஃபியூ’ என்று எழுதினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இருபத்தாறு பேர் இரண்டாம் தடவை மானம் இழப்பதுபோல் இருந்தது. வக்கீலைக் கேட்டுவிடலாம். கேட்டால் அவர் சிரிப்பார், அல்லது தாமே எழுதித் தருவார். அகராதியைப் புரட்டினார். அது குவைட்டைத் தனியாகவும் ஃபியூவைத் தனியாகவும் வைத்துக்கொண்டு மௌனமாக இருந்தது. வரலட்சுமி எட்டிப் பார்த்து, “இன்னாங்க, ரெண்டும் ஒரே மாதிரிதானே கீது?” என்றாள். “ஒரே மாதிரி இல்ல. ஒண்ணுக்குப் பின்னால அறுவது தட்டு இருக்குது” என்றார் அவர். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அதைச் சொன்னபோதே தாம் எந்தத் தாளை அனுப்பப் போகிறோம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

ஒரு வரி திருத்த வேண்டியிருந்தது என்று சொல்லி இருபத்தாறு கையெழுத்தையும் மறுபடி வாங்கினார். பூந்தமல்லி தபால் ஆபீஸ் வாசலில் பெட்டியின் வாய்க்குள் உறையை நுழைத்தபிறகும் கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் நின்றார். பின்னால் நின்றவர், “போடறியா, எடுக்கறியா?” என்று கேட்டபிறகுதான் விட்டார்.

இந்தத் தடவை கடிதம் வரவில்லை, ஆளே வந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை, பட்டணத்து பஸ்ஸிலிருந்து தொப்பியும் தோல்பையுமாகத் தபால் இன்ஸ்பெக்டர் இறங்கினார். தமிழர்தான். ஐந்து நிமிஷத்தில் மரத்தடியில் ஊர் கூடிவிட்டது. ரோட்டுக்குத் தென்பக்கம் சேரி ஆட்களும் வந்து நின்றார்கள்.

“இந்த மனுவை எழுதினது யாரு?”

வீரராகவன் முன்னால் வந்தார்.

“எங்க சூப்பிரண்டெண்டு துரை இதைப் படிச்சிட்டு என்னைக் கூப்பிட்டாரு. ‘இந்த நாட்டு ஜனங்க எழுதற மனுவெல்லாம் அகராதியில பொறந்ததா இருக்கும். இந்த ஒரு வரி மட்டும் எங்க ஊட்டுல பேசற மாதிரி இருக்கு. போய்ப் பாத்துட்டு வா’ன்னாரு.” இன்ஸ்பெக்டர் தாளை உயர்த்திப் பிடித்தார். “குவைட் எ ஃபியூ. எனக்கே சட்டுன்னு வராது ஸார். எங்க படிச்சீங்க?”

நாயக்கரின் முகம் பூரித்தது. “நம்ம பையன்தான்!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வாழ்நாள் முழுக்க வீரராகவன் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. இப்போது வந்து நிற்கிறது. சும்மா தலையாட்டினால் போதும்.

அவர் தலையாட்டத்தான் போனார். ஆனால் தென்பக்கம் பார்வை போய்விட்டது. பொன்னியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. இடுப்பிலிருந்த முட்டைக் கூடையைச் சரி செய்துகொண்டிருந்தாள். தலையாட்டினாலும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

“மனு என்னுது ஸார். அந்த வார்த்தை என்னுதில்ல. அந்தம்மா சொல்லிக் குடுத்தது. முதல் மனுவுலயே தப்பைச் சொன்னாங்க, நான் கேக்கல.”

ஊர் அவர் நீட்டிய கையின் வழியே ரோட்டைத் தாண்டிப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் நான்கு எட்டு நடந்து ரோட்டு நடுவே போய் நின்று, பாதி விளையாட்டாக, இங்கிலீஷில் கேட்டார்: “வேர் டிட் யூ லேர்ன் இங்கிலீஷ்?”

“இன் தி கிச்சன், ஸார்” என்றாள் பொன்னியம்மா.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பெட்டிக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றார். பெரிய ஆரவாரம். பிறகு நோட்டைத் திறந்து, எங்கே மாட்டுவது என்று கேட்டார்.

“எங்க ஊட்டுச் செவுத்துலயே மாட்டிடுங்க. கோயில் தெருவுல, பத்திரமா இருக்கும்” என்றார் நாயக்கர்.

இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்தார். தென்பக்கம் ஆரவாரம் அடங்கிவிட்டது. கோயில் தெருவுக்குள் அவர்கள் யாரும் கால் வைக்க முடியாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பொன்னியம்மா கோலார் கடிதத்தோடு இனிமேலும் பூந்தமல்லிக்குத்தான் போவாள்.

வீரராகவன் நாயக்கர் காதருகே போனார். “மாமா, உங்க ஊட்டுல மாட்டினா நல்லதுதான். ஆனா ஒண்ணு. நாளைக்கு யாரு லெட்டர் எங்க போய்ச் சேரலைன்னாலும், உங்க ஊட்டு வாசல்லதான் வந்து நின்னு கத்துவாங்க. நீங்க என் வாசல்ல நின்னு கத்தினீங்களே, அது மாதிரி.”

நாயக்கர் அவரை ஒருமுறை முறைத்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

“ரோட்டு மேலயே இருக்கட்டும்பா. இந்த மரத்தாண்ட. பஸ்ஸுக்கு வர்றவங்க அப்படியே போட்டுட்டுப் போவாங்க” என்றார் இன்ஸ்பெக்டரிடம், ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் நினைத்தவர் போல.

இருபது நாளில் மரத்துக்கு அருகே கம்பம் நட்டு, சிவப்புப் பெட்டியை மாட்டினார்கள். முதல் நாளே அது பாதி நிரம்பிவிட்டது. பாதிப் பேர் பெட்டிக்குள் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று பார்க்கவே கார்டு போட்டார்கள் என்று பேச்சு.

அதன்பிறகு வாரம் ஒரு தரமாவது வீரராகவன் ரோட்டைத் தாண்டுவது வழக்கமாயிற்று. பொன்னியம்மா ஒரு கூடையைக் கவிழ்த்துப் போடுவாள். அவர் கோட்டைத் தூக்கிக்கொண்டு அதில் உட்காருவார். ஒருநாள் அவர் கொண்டுவந்தது வாய்க்கால் தகராறு பற்றிய ஒரு நோட்டீஸ். இப்போது அவருக்கு ‘தி’ என்ற சொல்லில் சந்தேகம் வந்திருந்தது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஒன்று போட்டு வைத்திருந்தார். முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள் ஏழு ‘தி’ வந்துவிட்டது.

“மூச்சு வாங்குது நைனா” என்றாள் பொன்னியம்மா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. “துரைசாணி இத்தினி தடவை சொல்லமாட்டாங்க. இன்னொரு தபா படி, மெதுவா. காதுல இடிக்கறது எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடலாம்.”

வீரராகவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.